முழங்கைக்கு மேலே

எனக்கென்று முன்வரிசையில் நாற்காலி போடாமல் இருந்திருக்கலாம். சைக்கிள் நிறுத்துகிற பக்கம், வேப்பமரத்தடியில், நோயாளிகளோடு நோயாளியாக நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பேன். ஸ்டெல்லா சிஸ்டர்தான் விடவில்லை. "அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க பின்னால நிக்கப்பிடாது, வாங்க" என்று எல்லோரும் பார்க்கக் கூட்டிவந்து போராட்டப் பந்தலுக்குக் கீழே உட்காரவைத்து, சட்டைப்பைமேல் ஒரு கறுப்புத் துணியை ஊக்கால் குத்திவிட்டார். ஊக்கு நெஞ்சில் பட்டது. "வலிச்சிட்டா?" என்றார். இல்லை என்றேன், வலித்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து ஆளாளுக்கு என்னிடம்தான் கேட்கிறார்கள். மண்டை உடைந்தது என் மனைவி ஜெபமலருக்கு, ஆறுதல் எனக்கு. காப்பி குடிங்க, சாப்பிட்டியளா, ஒண்ணும் யோசிக்காதீங்க, நாங்க இருக்கோம். நர்சுகள் எல்லோரும் வெள்ளை உடுப்பில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். பாதுகாப்பு கொடு, பாதுகாப்பு கொடு. ஒவ்வொரு தடவை கத்தும்போதும் என் பிடரியில் மூச்சு படுகிறது மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை. நடந்ததை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நேற்று மாலை அவசரப் பிரிவில் ஜெபமலர் தனியாக டூட்டியில் இருந்தாள். நெஞ்சுவலி என்று ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் மெஹருன்னிசா அம்மா பிரசவ வார்டில் இருந்தார். ஜெபமலர் ஊசி போட்டாள், ஆக்ஸிஜன் வைத்தாள், டாக்டரைக் கூப்பிட ஆயாம்மாவை ஓடவிட்டாள். அப்புறம் கையில் போனை எடுத்தாள். பெரியவருடைய மகன் இசக்கிதுரை, "எங்கப்பா சாகக் கெடக்காரு, நீ போன் பேசிக்கிட்டு நிக்க" என்று பிடித்துத் தள்ளிவிட்டான். ஸ்ட்ரெச்சரின் இரும்பு முனையில் நெற்றி மோதித் தையல் போடும்படி ஆகிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த ஒரு சகோதரியை, என்கிறார் சங்கச் செயலாளர் அருணகிரி. டாக்டருக்கு இல்லை. என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அதை இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

என் தலைக்கு வலப்பக்கம் பேனர் தொங்குகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன், காற்று அதைத் தூக்கித் தூக்கி என் கண்முன் ஆட்டுகிறது. 'காக்கும் கைகளுக்கு இதுவா கூலி?' என்று சிவப்பு எழுத்து. ஒரு பக்கம் நெற்றித் தையல், இன்னொரு பக்கம் இடது கை. தையல் போடும்போது ரத்தம் ஊறிய கோட்டைக் கழற்ற முடியாமல் கத்தரியால் கோட்டுக் கையை வெட்டியிருக்கிறார்கள், அப்போது இந்தக் காயம் தெரிந்திருக்கிறது. ஸ்டெல்லா சிஸ்டர் போனில் படமெடுத்து சங்கத்துக் குரூப்பில் போட, காலையில் அது பேனராகிவிட்டது. முழங்கைக்கு மேலே, சதையில், நாலு விரல் தடம், உள்பக்கம் கட்டைவிரல். பேனர் அடித்தவன் பெரிதாக்கியதில் ஒவ்வொரு விரலும் வாழைக்காய் கனத்துக்கு இருக்கிறது. கை ஜெபமலருடையது. விரல்கள் என்னுடையவை. இசக்கிதுரை அவளைத் தோளில் தள்ளினான், தள்ளியது தள்ளியதுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவன் அந்தக் கையைப் பிடிக்கவே இல்லை. அதைப் பிடித்தவன் முன்வரிசையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். எனக்குத் தேளும் நானே.

போன வியாழக்கிழமை. எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டுகிற கடை. தோட்டத்து மோட்டார், வீட்டு மோட்டார், எரிந்து போனதெல்லாம் என்னிடம் வரும். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. என் சாவி கடையில் வேறு சட்டையில் மாட்டிக்கொண்டது. அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது, எதிர்வீட்டுக்காரர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு என்னவோ அவர் சிரிக்கிற மாதிரி இருந்தது. அவர் சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது. பொண்டாட்டி கவர்மெண்டு உத்தியோகம், புருஷன் வாசல்படியில். இதெல்லாம் யாரும் சொன்னது இல்லை, நானே சொல்லிச் சொல்லி நானே கேட்டுக்கொண்டது. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ஏன் எடுக்கல என்றேன். "ஒரு புள்ளைக்கு வலிப்பு, கையில பிடிச்சிக்கிட்டு நின்னேன், எப்படி எடுக்க?" என்றாள். நியாயமான பதில். அந்த நியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு சொல்லியிருந்தால் கத்திவிட்டு விட்டிருப்பேன். கையைப் பிடித்தேன். பிடித்து பீரோவோடு சேர்த்து அழுத்தினேன். "இனிமே நான் அடிச்சா எடுப்ப" என்றேன். எடுப்பேன் என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, சும்மா, ஒரு நோயாளியிடம் சரி என்கிற மாதிரி. விட்டுவிட்டேன். பிறகு சோறு போட்டாள், சாப்பிட்டேன், மீன் குழம்பு நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

சொன்ன சொல் தவறவில்லை, எடுத்தாள். நேற்று நான் எதற்குப் போட்டேன் தெரியுமா, தோசைமாவை வெளியே எடுத்து வைக்கவா, ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டுமா என்று கேட்க. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் ஒரே சத்தம், யாரோ ஒரு பெண்பிள்ளை அழுகிறாள். "இருங்க, இங்க ஒரு கேஸு" என்றாள். வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடு என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. "மாவு என்ன செய்யன்னு கேட்டேன்லா" என்றேன். "வெளிய வைங்க" என்றாள். அதற்குமேல் ஒரு ஆண்குரல், பிறகு தகரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு போன் தரையில் கிடந்து எல்லோருடைய கத்தலையும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டு நான் மாவுப் பாத்திரத்தோடு நின்றேன். வியாழக்கிழமை நான் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் நேற்று அவள் போனை எடுத்திருக்க மாட்டாள். எடுக்காவிட்டால் அந்தப் பயல் கண்ணில் போன் பட்டிருக்காது. இல்லை, அவன் எப்படியும் தள்ளியிருப்பான், அப்பனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு யார்மேலாவது பாய வேண்டும். இல்லை, போனைப் பார்த்துத்தான் பாய்ந்தான். அவன் சொன்னதே அதைத்தானே. எந்தப் பக்கம் போனாலும் யோசனை சுற்றி வந்து அந்த பீரோவில்தான் முட்டுகிறது.

இதில் எனக்கே பயமாக இருப்பது வேறொன்று. ராத்திரி அவள் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. நான் ஒருநாளும் அவள் முகத்தில் அடித்தது இல்லை. இதை நான் ஒரு நல்ல குணமாக வைத்திருந்தேன். மற்றவனைப் போல் கன்னத்தில் அறைகிற ஆள் இல்லை நான், மரியாதை தெரிந்தவன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை பிடிக்கிறவன். ஆனால் முழங்கைக்குக் கீழே நான் ஏன் பிடித்ததில்லை? அவளுடைய வெள்ளைக் கோட்டின் கை முழங்கை வரைக்கும் வரும். அதைத் துவைத்துக் கொடியில் போடுவதும், சில நாள் இஸ்திரி போட்டுக் கொடுப்பதும் நான். அந்தக் கை எங்கே முடியும் என்று என் விரலுக்குத் தெரியும். கோபத்தில் கண் மண் தெரியவில்லை என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கண் மண் தெரியாதவனுக்குக் கோட்டுக் கையின் தையல் மட்டும் எப்படித் தெரிந்தது? இசக்கிதுரைக்குத் தெரியாது. அவன் தள்ளினான், எங்கே பட்டாலும் படட்டும் என்று, ஊரே பார்க்க. நான் அளவெடுத்துப் பிடித்தவன். கோபம் என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தது பொய். எழுந்து போய்விடலாமா என்று இருக்கிறது. எழுந்தால் "பாவம், தாங்கல அவருக்கு" என்பார்கள்.

பச்சை. அந்தத் தடத்தின் ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. படத்தில் அவ்வளவு தெரியவில்லை, பேனரில் பளிச்சென்று தெரிகிறது. நேற்று விழுந்த அடி என்றால் சிவப்பாக, மிஞ்சினால் ஊதாவாக இருக்கும். பச்சையாக நாள் ஆகும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால் ஜெபமலரே சொல்லித்தான். பக்கத்துத் தெருவில் ஒரு மருமகள் படியில் விழுந்தேன் என்று வந்ததையும், "ரெண்டு கலர்ல இருந்துச்சு, ஒரே படியில எப்படி ரெண்டு நாள் விழ முடியும்?" என்று அவள் கேட்டதையும் தோசைக் கல் பக்கத்தில் நின்று நான் கேட்டிருக்கிறேன், த்சொ த்சொ என்று சொல்லியிருக்கிறேன். ஜெபமலருக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாதா? என் பின்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் நர்சுகள். தினம் அடிபட்ட உடம்பைத் துடைக்கிறவர்கள். படமெடுத்த ஸ்டெல்லா சிஸ்டர் அதே படிப்புப் படித்தவர்தானே. தெரியாமலா என்னைப் பிடித்து இந்தப் பேனருக்குக் கீழே உட்கார வைத்தார்? "இன்னைக்கு நீங்கதான் முன்னால இருக்கணும்" என்று இன்னொரு தடவையும் சொன்னாரே, அதில் ஒரு அழுத்தம் இருந்ததோ? இல்லை, குழப்பத்தில் யாரும் நிறத்தையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டர் மெஹருன்னிசா அம்மா காலையில் என்னைத் தாண்டிப் போனபோது வணக்கம் சொன்னேன், அவர் பதிலுக்குச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க முழித்த அசதியாக இருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு இப்போது முதுகெல்லாம் கண்ணாக இருக்கிறது.

அருணகிரி பேசுகிறார். "தோழர்களே, நம்மளைப் பாதுகாக்கச் சட்டம் இல்லாம இல்ல. மருத்துவப் பணியாளர் மேல கை வச்சா ஜாமீன் கெடையாது. மூணு வருஷத்துக்குக் கொறையாம உள்ள போகணும். ஆனா அது எங்க இருக்கு? சுவத்துல போர்டா இருக்கு!" கைதட்டல். நானும் தட்டினேன். அந்த போர்டை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக பைக்கோடு நிற்கும்போதெல்லாம் அதைத்தான் படிப்பேன். ஒரு தடவை குடித்துவிட்டு வந்து வாட்ச்மேனிடம் எகிறியவனை, "எலே, போர்டைப் படிடே" என்று நான் அதட்டியிருக்கிறேன். காலையில் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுவேன், கேட்டுக்கு உள்ளே அவள் சட்டத்தின் பொறுப்பு. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே மறுபடி என் பொறுப்பு. வீட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு அவள் தனியாக நடந்து போய், யாரோ ஒருவர் முன்னால் நின்று, என் பெயரைச் சொல்ல வேண்டும். இங்கே அவள் வாயே திறக்க வேண்டாம், சங்கம் சொல்கிறது, பேனர் சொல்கிறது. ஆனால் அது தப்பான ஆளைச் சொல்கிறது. காலையில் எஸ்.ஐ. என்னிடம், "கையைப் பிடிச்சு இழுத்திருக்கான் சார் பொம்பளைய, அதுக்குத் தனியா ஒரு பிரிவு சேக்கப் போறோம், வெளிய வரவே மாட்டான்" என்று எனக்கு ஒரு பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார். நான் தலையாட்டினேன். ஆட்டிய தலையை அப்போதே நிறுத்தியிருக்கலாம். என் விரலுக்காக அவன் கூடுதலாகச் சிறையில் கிடப்பான். அப்பன் பிழைத்துக்கொண்டார், உள்ளே ஆண்கள் வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார், இதே நர்சுகள்தான் ஊட்டாத குறையாகப் பார்க்கிறார்கள். மகன் லாக்கப்பில்.

சொல்லிவிட வேண்டும். ஒரே வரி. அந்தக் கைக் காயம் நான் செய்தது. இவ்வளவுதான். மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் கைக் காயம், இங்கே நாக்கு நிற்கிறது. அது வீட்டில் ஆனது. ஆனது என்றால் தானாக ஆனதா? வீட்டில் சின்ன வாக்குவாதம் சார். சின்ன என்று யார் சொன்னது? எப்படி ஆரம்பித்தாலும் பாதி வரியில் எனக்கு ஒரு சலுகை வந்து ஒட்டிக்கொள்கிறது. இப்படி நான் வரியைத் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் பந்தலின் ஓரத்தில் சலசலப்பு. ஒரு அம்மா, கையில் தூக்குச்சட்டி, யாரோ தடுக்கத் தடுக்க வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கிதுரையின் தாய். வார்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தவள். "அய்யா, எம்மவன் தள்ளுனான்யா. இல்லங்கல. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா கையப் பிடிக்கலய்யா அவன். நான் பக்கத்துல நின்னேன், எங்கண்ணால பாத்தேன். பொம்பளப் புள்ள கையப் பிடிச்சான்னு எழுதுறாவளாம். அவனுக்குப் பொண்ணு பேசி வச்சிருக்கோம்யா. நீங்க ஒரு வார்த்த சொன்னா அந்தம்மா கேப்பாவ." அவள் சொல்வது முழுக்க முழுக்க உண்மை என்று இந்த வளாகத்தில் சத்தியம் செய்யக்கூடிய ஆள் நான். கோஷம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் குனிந்து அவளைத் தூக்கிவிடத்தான் போனேன், அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பொம்பளை மேல கை வைக்கலாமாம்மா? அத மொதல்ல உம்மவனுக்குச் சொல்லிக் குடுத்தியா?" என்றேன். என் குரல்தான். பின்னால் படபடவென்று கைதட்டினார்கள். அந்த அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சீ. இவ்வளவு கேவலமான ஒரு கைதட்டலை நான் வாழ்நாளில் வாங்கியது இல்லை.

கைதட்டல் அடங்குமுன்னே ஒரு போலீஸ்காரர் வந்து, "சார், உங்களை எஸ்.ஐ. கூப்பிடுதாரு" என்றார். எழுந்தேன். தலைமை நர்சின் அறை, வெளியே கோஷம் மறுபடி தொடங்கிவிட்டது, உள்ளே மின்விசிறி. ஜெபமலர் நாற்காலியில் இருந்தாள், நெற்றியில் கட்டு, தோளைச் சுற்றி யாருடையதோ ஒரு சால்வை. பக்கத்தில் டாக்டர் மெஹருன்னிசா அம்மா சுவரில் சாய்ந்து நின்றார். எஸ்.ஐ. பேனாவை மூடித் திறந்து மூடினார். "ஒண்ணுமில்ல சார். தள்ளிவிட்டது, நெத்தியில அடி, எல்லாம் அம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க, எழுதிட்டேன். கைக் காயத்தக் கேட்டா, 'அத எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியும், அவுகள்ட்டயே கேளுங்க'ங்கிறாங்க. அவன் பிடிச்சதுதானே சார்?" நான் ஜெபமலரைப் பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள், முறைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஊசி போடுமுன் கையை நீட்டச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாளே, அப்படி. எனக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொடுக்கவில்லை அவள், எனக்கு இடம் விட்டிருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு பெரிய மரியாதையை அவள் எனக்குச் செய்தது இல்லை, நான் அதற்கு லாயக்கும் இல்லை. ஒரே வரி. அந்தக் கைக் காயம் நான் செய்தது. வாய்க்குள் வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நிற்கிறது. வெளியே எல்லோரும் கேட்பார்களே, முன்வரிசையில் உட்கார்ந்தேனே, அந்தத் தாயிடம் அப்படிப் பேசினேனே, ஞாயிற்றுக்கிழமை கோயில், கடை, எதிர்வீட்டுக்காரர். "சொல்லுங்க சார்" என்றார் எஸ்.ஐ. "ஆமா சார்" என்றேன். "அவனாத்தான் இருக்கும். நேத்து காலையில டூட்டிக்கு வரும்போது இந்தக் காயம் இல்ல." டாக்டர் அம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்தார். எஸ்.ஐ. பேனாவைத் திறந்து தாளுக்குக் கொண்டு போனார். ஜெபமலர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சால்வையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தாள், இடது கையை எஸ்.ஐ.க்கு முன்னால் நீட்டினாள். "சார், அந்தத் தம்பி மேல எழுதுனது தள்ளிவிட்டதோட இருக்கட்டும். அவன் கையத் தொடல. இதுக்கு வேற பேப்பர் எடுங்க, பேர் நான் சொல்லுதேன்" என்றாள். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், பிறகு வேறு பேப்பர் எடுத்தார்.